லில்லிக் கிழங்கு ஏன் முளைப்பதில்லை: ஏற்காட்டுக்கு ஒரு கணக்கு, சேலத்துக்கு ஒரு கணக்கு

ஏற்காடு கோடை விழா மலர்க் காட்சியைப் பார்த்துவிட்டு மலையிறங்கும் குடும்பங்களில் பலவற்றின் பையில் ஒரு லில்லிக் கிழங்குப் பொட்டலம் இருக்கும். இணையத்தில் வாங்குகிறவர்களுக்கு அது கூரியரில் வீடு தேடியே வந்துவிடுகிறது. தொட்டியில் நட்டுத் தினமும் தண்ணீர் ஊற்றுகிறார்கள். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் மண் மட்டும்தான் இருக்கிறது. சிலருக்கு நாலு இலை வருகிறது, தண்டு வருவதில்லை. இன்னும் சிலர் தோண்டிப் பார்த்தால் கிழங்கு கூழாகிக் கிடக்கிறது.

உடனே மண்ணின் மேல் பழி போடுகிறார்கள், அல்லது தனக்குக் கைராசி இல்லை என்று விட்டுவிடுகிறார்கள். ஆனால் லில்லி முளைக்குமா முளைக்காதா என்பது பெரும்பாலும் மண்ணுக்குள் போகும் முன்பே முடிவாகிவிடுகிறது. அது எந்த இனம், எவ்வளவு காலம் குளிரில் இருந்தது, வழியில் எவ்வளவு காய்ந்தது என்ற மூன்றும்தான் அதைத் தீர்மானிக்கின்றன. நட்ட பிறகு நம் கையில் மிச்சமிருப்பது தண்ணீரும் மண்ணின் சூடும். இதைப் புரிந்துகொண்டால் சேலத்தில் இருப்பவர் என்ன வாங்கலாம், ஏற்காட்டில் இருப்பவர் எப்போது நடலாம் என்பது தானாகவே தெளிவாகும்.

## பொட்டலத்தில் இருப்பது எந்தக் கிழங்கு?

லில்லி என்ற பெயரில் நம் நர்சரிகளில் விற்பவை வெவ்வேறு தாவரக் குடும்பங்களைச் சேர்ந்தவை. ஒன்றுக்குச் செய்யும் பக்குவம் இன்னொன்றைக் கெடுத்துவிடும். கிழங்கைக் கையில் எடுத்துப் பார்த்தாலே பெரும்பாலும் அடையாளம் தெரிந்துவிடும்.

1. லிலியம். பூங்கொத்துக் கடைகளில் பெரிய எக்காள வடிவில் பார்க்கிற பூ இதுதான். கிழங்கு வெள்ளையாகவோ இளமஞ்சளாகவோ, சில வகைகளில் ஊதாச் சாயலோடோ இருக்கும். சதைப்பற்றுள்ள செதில்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும், மேல் தோல் கிடையாது. முளைக்க வைப்பதில் சிக்கலானது இதுதான். இந்தக் கட்டுரையின் பெரும்பகுதியும் இதைப் பற்றியதுதான்.

2. ஹிப்பியாஸ்ட்ரம். கடைகளில் அமரில்லிஸ் என்பார்கள். பெரிய வெங்காய அளவில், பழுப்புத் தோலோடும் தடித்த கழுத்தோடும் இருக்கும். தென் அமெரிக்காவிலிருந்து வந்த செடி, நம் சமவெளிச் சூட்டைத் தாங்கும். இதைக் கழுத்தும் தோளும் மண்ணுக்கு மேலே தெரியும்படி நட வேண்டும். ஆழமாகப் புதைத்தால் கழுத்தில் தண்ணீர் தேங்கி அழுகும்.

3. மழை லில்லி. சின்ன வெங்காய அளவுதான் இருக்கும், தோல் கருத்திருக்கும். சில வாரம் காய்ந்து கிடந்த மண்ணில் ஒரு நல்ல மழை விழுந்தால், சில நாளிலேயே வெள்ளை, இளஞ்சிவப்பு, மஞ்சள் என்று பூக்கும். குளிர் எதுவும் தேவையில்லை.

4. ஃபுட்பால் லில்லி. ஏப்ரல், மே மாதத்தில் முதல் கோடை மழையோடு சிவப்புப் பந்தாக மேலே வரும். பிறகு இலை விட்டு வளர்ந்து, ஆண்டின் மிச்சக் காலம் மண்ணுக்குள் உறங்கும். உறங்கும் மாதங்களில் தொட்டி காலி என்று நினைத்து மண்ணைக் கொட்டிவிடுகிறவர்கள் நிறைய.

5. செங்காந்தள். தமிழ்நாட்டின் மாநில மலர். இதன் கிழங்கு வளைந்தும் கவைபோல் பிரிந்தும் இருக்கும். முளைக்கும் கண் ஒவ்வொரு கையின் நுனியில்தான் உண்டு. வழியில் நுனி முறிந்த துண்டை எத்தனை நாள் மண்ணில் வைத்தாலும் வராது. சுமார் 5 செ.மீ. ஆழத்தில் படுக்கவைத்து ஜூன், ஜூலையில் நடுவார்கள். செடி முழுவதும் கோல்கிசின் என்ற நஞ்சு இருக்கிறது. கிழங்கைக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

இதில் சேலம் மாவட்டத்துக்காரர்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. இங்கே சம்பங்கி ஒரு வயல் பயிர். சம்பங்கிக் கிழங்கைத் தோண்டி எடுத்து, நிழலில் ஒரு மாதம் போல ஆறவிட்டு நடுவது பழகிய முறை, அந்தப் பயிருக்கு அது சரியும்கூட. அதே பழக்கத்தில் லிலியத்தையும் காற்றாட ஆறப்போட்டால் அந்த ஒரு மாதத்தில் கிழங்கின் கதை முடிந்துவிடும். ஏன் என்பது அடுத்த பகுதியில்.

பூனை வளர்க்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கையை இங்கேயே சொல்லிவிட வேண்டும். லிலியத்தின் இலை, பூ, மகரந்தம், பூ வைத்த ஜாடித் தண்ணீர் எல்லாமே பூனையின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும். கொஞ்சம் நக்கினாலே ஆபத்து. பூனை நடமாடும் வீட்டுக்கு லிலியம் வேண்டாம், மழை லில்லியும் ஹிப்பியாஸ்ட்ரமும்கூடப் பூனைக்குக் கெடுதல்தான்.

## கிழங்குக்குள் என்ன இருக்கிறது?

வெங்காயமும் லிலியமும் இரண்டுமே இலைகள் தடித்து உணவைச் சேர்த்துவைத்த உருண்டைகள்தான். வெங்காயத்தைச் சுற்றி ஒரு காய்ந்த தோல் இருப்பதால் மாதக்கணக்கில் பரணில் கிடந்தாலும் உள்ளே ஈரம் நிற்கிறது. லிலியத்துக்கு அந்தத் தோல் இல்லை. செதில்களின் ஈரம் நேராகக் காற்றில் போய்க்கொண்டே இருக்கும். அது முழு உறக்கத்துக்குப் போகிற செடியும் அல்ல, அடியில் இருக்கும் சதை வேர்கள் ஆண்டு முழுவதும் உயிரோடு இருக்க வேண்டும். அதனால்தான் நல்ல விற்பனையாளர்கள் இதை பீட் எனப்படும் மக்கிய சதுப்பு நில மண்ணை ஈரமாக்கி அதிலோ ஈரத் தேங்காய் நார்த் தூளிலோ புதைத்து, துளை போட்ட உறையில் விற்கிறார்கள். அட்டைப் பெட்டியில் சும்மா உருட்டிவிட்டு அனுப்பப்பட்ட கிழங்கு சுருங்கி, செதில் நுனி பழுத்து, வேர் நூலாகக் காய்ந்து வந்தால் அதைத் திருப்பி அனுப்புவதே நல்லது.

கிழங்கின் அடியில் தட்டையான ஒரு தட்டு இருக்கிறது. செதில்கள் அதில்தான் ஒட்டியிருக்கின்றன, அடி வேர்கள் அதிலிருந்துதான் இறங்குகின்றன. இந்தத் தட்டு அழுகினால் செதில்கள் நன்றாகவே இருந்தாலும் பயனில்லை. வாங்கும்போது அமுக்கிப் பார்க்க வேண்டிய இடமும் இதுதான்.

முளை நடுவிலிருந்து மேலே வரும். மண்ணுக்குள் மேலேறும்போதே அந்தத் தண்டின் பக்கங்களிலிருந்து, அதாவது கிழங்குக்கு மேலே, இன்னொரு வேர்த் தொகுதி கிளம்பும். இதைத் தண்டு வேர் என்பார்கள். வளர்ந்த செடிக்கு வேண்டிய தண்ணீரிலும் உரத்திலும் பெரும்பங்கை எடுத்துத் தருவது இந்தத் தண்டு வேர்கள்தான். லிலியத்தை ஏன் ஆழமாக நடச் சொல்கிறார்கள் என்பதற்குக் காரணம் இதுவே. மேலாக நட்டால் தண்டு வேர் பிடிக்க மண் இருக்காது. முளை வரும், ஒரு சாண் வளரும், பிறகு மொட்டு உதிர்ந்து நின்றுவிடும்.

## குளிர்க் கணக்கு

லிலியம் இனங்களில் பெரும்பாலானவை வட கோளத்தின் குளிர் நாடுகளைச் சேர்ந்தவை. அங்கே இலையுதிர் காலத்தில் முளைத்தால் பனியில் செத்துவிடும். அதனால் நீண்ட குளிர் ஒன்றைக் கடந்த பிறகே முளைப்பது என்று கிழங்கு தன்னைப் பூட்டி வைத்துக்கொள்கிறது. அந்தப் பூட்டைத் திறப்பது குளிர் மட்டும்தான். தண்ணீரோ உரமோ அதைத் திறக்காது.

எவ்வளவு குளிர்? 2 முதல் 5 டிகிரி செல்சியஸில், ஈரத்தோடு, லிலியத்தில் சீக்கிரம் பூக்கிற ஆசியாட்டிக் வகைகளுக்கு 6 முதல் 8 வாரம். மணம் மிகுந்த, பெரிய பூவுள்ள ஓரியண்டல் வகைகளுக்கு 8 முதல் 10 வாரமோ அதற்கு மேலோ. ஈஸ்டர் லில்லி எனப்படும் வெள்ளை லாங்கிஃபுளோரத்துக்குச் சுமார் 6 வாரம்.

இந்தக் குளிர் குறைவாகக் கிடைத்த கிழங்கு சும்மா கிடக்கும். அல்லது ஒவ்வொரு செதிலிலிருந்தும் ஒற்றை ஒற்றை இலையை மேலே அனுப்பும், நடுத்தண்டு வராது. தொட்டியில் நாலு இலை மட்டும் நிற்கிறதே, என்ன உரம் போடலாம் என்று கேட்கிறவர்களின் செடி பெரும்பாலும் இந்த நிலையில்தான் இருக்கிறது. உரம் போட்டுத் தீர்க்கிற குறை இல்லை அது.

இந்தியாவில் விற்கும் லிலியக் கிழங்குகளில் பெரும்பகுதி நெதர்லாந்திலிருந்து வருகிறது. இமாசலப் பிரதேசத்திலும் கிழங்கு உற்பத்தி உண்டு. நெதர்லாந்து வணிகர்கள் குளிர் முடித்த கிழங்கை ஈரப் பீட்டில் அடுக்கி, சுழிக்குக் கீழே 1 முதல் 2 டிகிரியில் உறையவைத்து, ஆண்டின் எந்த மாதமும் அனுப்பும்படி வைத்திருக்கிறார்கள். அங்கேயே குளிர் கிடைத்துவிட்டதால் அந்தக் கிழங்கை வாங்கியவுடன் நடலாம். ஆனால் நடுவில் மூன்று விதமாகக் காரியம் கெடுகிறது.

முதலாவது, சூடு. குளிர் முடித்த கிழங்கு கூரியர் கிடங்கிலோ கடை அலமாரியிலோ நாள்கணக்கில் கிடந்தால், பெற்ற குளிரின் பலன் கரையத் தொடங்கும். லாங்கிஃபுளோரத்தில் 21 டிகிரிக்கு மேல் போனாலே இது நடக்கும். சேலத்தில் மே மாதத்தில் ஒரு தகரக் கூரைக் கிடங்கின் உட்சூடு என்னவாக இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. கோடையில் இணையத்தில் கிழங்கு வாங்க வேண்டாம் என்று நான் உறுதியாகச் சொல்வதற்கு முதல் காரணம் இதுதான்.

இரண்டாவது, உறைந்த கிழங்கைத் திடீரென்று வெளியே எடுப்பது. உறை நிலையில் வந்தால் பிளாஸ்டிக்கைத் திறந்துவிட்டு, 10 முதல் 15 டிகிரியில் மெதுவாக இளக விட வேண்டும். ஏற்காட்டில் டிசம்பர் இரவு சிமெண்ட் தரையில் வைத்தால் போதும். சேலத்தில் அந்தக் குளிர் வெளியே கிடைக்காது, அதனால் ஃபிரிட்ஜின் அடித்தட்டில் ஓரிரு நாள் வையுங்கள். ஒருமுறை இளகியதை மறுபடி உறையவைக்கக் கூடாது.

மூன்றாவது, ஃபிரீசர். குளிர்தானே வேண்டும் என்று வீட்டு ஃபிரீசரில் போட்டுவிடுகிறார்கள். அங்கே சுழிக்குக் கீழே 18 டிகிரி வரை போகும். அந்தக் குளிரில் செதிலின் செல்கள் வெடித்து, வெளியே எடுத்ததும் கூழாகிவிடும். ஃபிரிட்ஜின் காய்கறித் தட்டுதான் சரியான இடம்.

வீட்டில் குளிர் கொடுக்க விரும்பினால் செய்ய வேண்டியது இதுதான்: கிழங்கைப் பிடித்துப் பிழிந்தால் சொட்டாத அளவு ஈரமுள்ள நார்த் தூளில் புதைத்து, துளையிட்ட உறையில் போட்டு, மேலே தேதி எழுதி, காய்கறித் தட்டில் 6 முதல் 10 வாரம் வையுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை திறந்து பார்த்து, காய்ந்திருந்தால் லேசாக நீர் தெளியுங்கள். நீலப் பச்சைப் பூஞ்சை மேலாக மட்டும் இருந்தால் துடைத்துவிட்டுத் தொடரலாம். அதே தட்டில் பழுக்கிற மாம்பழமோ வாழையோ இருக்கக் கூடாது. பழம் விடும் எத்திலீன் வாயு முளையையும் உள்ளே உருவாகும் மொட்டையும் கெடுக்கும். மல்கோவா காலத்தில் சேலத்து ஃபிரிட்ஜில் மாம்பழம் இல்லாமல் இருக்காது. அந்தக் காலத்தில் கிழங்கை வேறு இடத்தில் வைக்க வழி பாருங்கள்.

## 1,200 மீட்டர் உயர வித்தியாசம்

சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இருபது கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டினால் ஏற்காடு, சுமார் 1,500 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறக்குறைய 6 டிகிரி குறையும் என்பது பொதுவான கணக்கு. அப்படியென்றால் ஒரு மணி நேரப் பயணத்தில் 7, 8 டிகிரி இறங்கிவிடுகிறது. லிலியத்துக்கு அந்த 7 டிகிரிதான் வாழ்வும் சாவும்.

நட்ட முதல் மூன்று வாரம் லிலியம் கேட்பது 12, 13 டிகிரி மண் சூடு. அந்த வாரங்களில் மேலே பெரிதாக ஒன்றும் தெரியாது, கீழே வேர் ஓடிக்கொண்டிருக்கும். பிறகு பகலில் 20 முதல் 25, இரவில் 10 முதல் 15 இருந்தால் நல்ல உயரமும் மொட்டும் வரும். 30ஐத் தாண்டித் தொடர்ந்து போனால் தண்டு குட்டையாகி, மொட்டு வெளுத்து உதிரும். மண் சூடாக இருந்தால் வேர் வரும் முன்பே முளை ஓடிவிடும். அந்த முளை கிழங்கின் கையிருப்பைத் தின்றே வளர்ந்து, அது தீர்ந்ததும் நின்றுவிடும்.

இப்போது இரண்டு ஊரையும் இந்த அளவில் வைத்துப் பார்ப்போம்.

ஏற்காட்டில் கோடையிலும் பகல் 30ஐத் தாண்டுவது அரிது. டிசம்பர், ஜனவரி இரவுகள் 12, 13 அளவுக்கு இறங்கும். வளர்ப்பதற்கு இது நல்ல காலநிலை. ஆனால் கிழங்கின் பூட்டைத் திறக்க இந்தக் குளிர் போதாது. ஏற்காட்டின் மிகக் குளிர்ந்த இரவுகூட ஃபிரிட்ஜின் உட்புறத்துக்குச் சமமில்லை. மலைதானே, தானாகக் குளிர் கிடைத்துவிடும் என்று சென்ற ஆண்டுக் கிழங்கை மண்ணிலேயே விட்டுவைப்பவர்கள் ஏமாறுவது இதனால்தான். இங்கே குளிர் முடித்த கிழங்கை நடுவதற்கு நல்ல நேரம் நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி வரை. வடகிழக்குப் பருவமழையின் கனம் குறைந்திருக்கும், மண் குளிர்ந்திருக்கும். ஆசியாட்டிக் வகை 60 முதல் 90 நாளில் பூக்கும், ஓரியண்டல் 90 முதல் 120 நாள் எடுக்கும். மே மாத மலர்க் காட்சியில் பூ நிற்க வேண்டும் என்றால் ஆசியாட்டிக்கை பிப்ரவரி நடுவில் நட வேண்டியிருக்கும். செப்டம்பர், அக்டோபர் மழையில் நடுவதைத் தவிர்ப்பது நல்லது. அந்த ஈரத்தில் கிழங்கு வேர் விடும் முன்பே அழுகிவிடும்.

சேலத்தில் ஏப்ரலில் 38ஐத் தாண்டுவது வழக்கம். குளிர்காலத்திலும் பகல் 30ஐ ஒட்டியே இருக்கும். இங்கே ஒரே ஒரு சன்னல் திறக்கிறது. நவம்பரில் நட்டு, ஜனவரி கடைசி, பிப்ரவரிக்குள் பூவைப் பார்த்துவிட வேண்டும். சீக்கிரம் பூக்கிற ஆசியாட்டிக்கும், ஆசியாட்டிக்கையும் லாங்கிஃபுளோரத்தையும் கலந்த எல்.ஏ. வகைகளும் மட்டுமே இதற்குள் அடங்கும். லாங்கிஃபுளோரத்தின் பூர்வீகம் ஜப்பானின் தெற்கே உள்ள ரியூக்யூ தீவுகள், அதனால் மற்றவற்றைவிடக் கொஞ்சம் வெப்பம் பொறுக்கும். ஓரியண்டல் வகையைச் சேலத்து மொட்டை மாடிக்குச் சிபாரிசு செய்ய மாட்டேன். படத்தில் அழகாக இருப்பதால் அதிகம் விற்பதும் அதுதான், அதிகம் ஏமாற்றுவதும் அதுதான்.

தென்னிந்திய மலைகளுக்கே சொந்தமான ஒரு லிலியம் உண்டு. நீலகிரி லில்லி என்று பெயர், நீண்ட வெள்ளைக் குழலாகப் பூக்கும். நீலகிரி, பழனி மலைகளில் மழைக்காலத்தில் பூக்கிறது. ஐரோப்பியக் குளிர் இல்லாமலே அது வாழ்வதற்குக் காரணம், இந்த மலைகளின் பருவத்துக்கே அது பழகிவிட்டது என்பதுதான். காட்டில் பார்த்தால் பார்த்துவிட்டு வாருங்கள், தோண்டக் கூடாது. தோண்டி எடுத்து வேறிடத்தில் வைத்தால் பெரும்பாலும் பிழைக்காது, அந்தச் சரிவில் இருப்பதும் குறைந்துபோகும்.

## மண்ணும் தண்ணீரும்

ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையின் மேல்மண் மிக நீண்ட காலமாக மழையில் கழுவப்பட்டது. சுண்ணாம்பு கரைந்து போய், இரும்பும் அலுமினியமும் எஞ்சியிருக்கிறது. இந்த மலையில் அலுமினியத் தாதுவான பாக்சைட் கிடைப்பதே அதற்கு அடையாளம். அதனால் காபித் தோட்டங்களின் மண் லேசான புளிப்புத் தன்மையோடு இருக்கும். லிலியத்துக்கு இது பொருத்தம். ஆசியாட்டிக்குக்கு 6 முதல் 7 வரை, ஓரியண்டலுக்கு 5.5 முதல் 6.5 வரை அமில காரக் குறியீடு இருந்தால் போதும். சில்வர் ஓக் அடியில் மக்கிக் கிடக்கும் இலை மண்ணைச் செம்மண்ணோடு கலந்தால் கிட்டத்தட்ட வேலை முடிந்தது.

மலையடிவாரத்தில் நிலைமை தலைகீழ். சேலத்தின் சுண்ணாம்புக் கரட்டில் வெட்டி எடுக்கும் வெள்ளைக்கல் மேக்னசைட், அதாவது மெக்னீசியம் கார்பனேட். அந்தப் பக்கத்து மண்ணிலும் போர்த் தண்ணீரிலும் மெக்னீசியம் அதிகம், காரத்தன்மையும் அதிகம். மெக்னீசியம் மிகுந்தால் செடி கால்சியத்தை எடுப்பது குறையும். லிலியத்தின் இளம் இலை நுனி கருகுவதற்கு முக்கியக் காரணமே கால்சியக் குறைவுதான். உப்பு மிகுந்த நீரையும் லிலியம் தாங்காது. சேலத்தில் முடிந்தவரை மழைநீரோ காவிரிக் குடிநீரோ ஊற்றுங்கள். குழாய் நீரில் குளோரின் வாடை இருந்தால் ஒரு நாள் வாளியில் திறந்து வைத்தால் சரியாகும்.

அடுத்தது நார்த் தூள். கடையில் கிடைக்கும் தேங்காய் நார்க் கட்டி எல்லாமே கழுவப்பட்டது அல்ல. உப்பு எவ்வளவு இருக்கிறது என்று பார்வைக்குத் தெரியாது. ஊறவைத்து, பிழிந்து, நல்ல நீரில் இரண்டு மூன்று முறை அலசிய பிறகே கிழங்குக்குப் பயன்படுத்த வேண்டும். புதிய கிழங்கின் வேர் நுனி கருகிக் கிடப்பதைப் பார்த்து நோய் என்று மருந்து தேடுகிறவர்கள் முதலில் இந்த நார்த் தூளைச் சந்தேகிக்கலாம்.

நடும் முறை:

1. தொட்டி குறைந்தது 30 செ.மீ. ஆழம் வேண்டும். அகலத்தைவிட ஆழம் முக்கியம். அடியில் துளைகள் திறந்திருக்கட்டும், கீழே தட்டு வேண்டாம்.

2. செம்மண் ஒரு பங்கு, அலசிய நார்த் தூளோ மக்கிய இலை மண்ணோ ஒரு பங்கு, பருமணல் ஒரு பங்கு. மண்புழு உரம் இரண்டு கைப்பிடி. பச்சைச் சாணமும் சூப்பர் பாஸ்பேட்டும் வேண்டாம். சூப்பர் பாஸ்பேட்டில் இருக்கும் ஃபுளோரைடு லிலியத்தின் இலையைக் கருக்கும்.

3. கிழங்கை ஒரு லிட்டருக்கு 2 கிராம் கார்பெண்டசிம் என்ற பூஞ்சைக்கொல்லி கரைத்த நீரில் கையுறை போட்டுக்கொண்டு அரை மணி நேரம் முக்கி, நிழலில் நீர் வடிய விடுங்கள். நோய்ப் பூஞ்சையை அடக்கும் ட்ரைக்கோடெர்மா விரிடி என்ற நல்ல பூஞ்சையைப் போடுகிறவர்கள் இந்த மருந்தைத் தவிர்க்க வேண்டும், ஏனென்றால் கார்பெண்டசிம் அந்த நல்ல பூஞ்சையையும் கொன்றுவிடும். இரண்டில் ஒன்று போதும். வீட்டுத் தொட்டிக்கு ட்ரைக்கோடெர்மாவே போதுமானது.

4. கூர் முனை மேலே, வேர்த் தட்டு கீழே. இருக்கும் வேரை வெட்டக் கூடாது. கிழங்கின் உச்சிக்கு மேல் 8 முதல் 10 செ.மீ. மண் இருக்க வேண்டும். உறையிலேயே முளை வந்துவிட்டிருந்தால் அதை ஒடிக்காமல் நேராக நிறுத்தி அதே ஆழத்தில் நடுங்கள்.

5. நட்டவுடன் ஒருமுறை நன்றாக நனையுங்கள். அதன்பின் மேல் ஓர் அங்குலம் காய்ந்தால் மட்டும் தண்ணீர். இந்த ஒரு விதியை மீறியே பெரும்பாலான கிழங்குகள் அழுகுகின்றன. மேலே வைக்கோலோ காய்ந்த இலையோ பரப்பினால் மண் குளிர்ந்திருக்கும்.

6. முளை தெரியும் வரை தொட்டி நிழலில் இருக்கட்டும். வெயில் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

## வரவில்லை என்றால்

குளிர் முடித்த நல்ல கிழங்கு இரண்டு மூன்று வாரத்தில் தலை காட்ட வேண்டும். ஐந்து வாரம் ஆகியும் ஒன்றும் இல்லையென்றால் பக்கவாட்டில் விரலால் மண்ணை மெதுவாக விலக்கிப் பாருங்கள். மேலிருந்து குத்தித் தோண்டினால் வந்துகொண்டிருக்கும் முளை ஒடியும்.

கிழங்கு கெட்டியாக, வெள்ளை வேரோடு இருந்தால் மூடிவிட்டுக் காத்திருக்கலாம், அது வேலையில்தான் இருக்கிறது. கெட்டியாக இருந்தும் வேரும் இல்லை முளையும் இல்லை என்றால் குளிர் போதவில்லை. எடுத்து, ஈர நார்த் தூளில் வைத்து, ஃபிரிட்ஜில் 6 முதல் 8 வாரம் வைத்து மறுபடி நடலாம். இதில் பலன் கிடைப்பது உண்டு. அடித்தட்டு பழுப்பேறி, செதில்கள் தொட்டதும் கழன்று வந்தால் அது ஃபுசேரியம் பூஞ்சையின் அடியழுகல். கிழங்கை மண்ணோடு சேர்த்து அப்புறப்படுத்துங்கள். உரக்குழியில் போடக் கூடாது, அந்தத் தொட்டியில் அடுத்த ஆண்டும் கிழங்கு வைக்கக் கூடாது.

கிழங்கையே காணோமென்றால் சேலத்தில் பெருச்சாளி, ஏற்காட்டில் முள்ளம்பன்றியோ காட்டுப்பன்றியோ காரணமாக இருக்கலாம். எஸ்டேட் ஓரத்து வீடுகளில் பாத்தியின் மேல் கம்பி வலையைப் பரப்பி ஓரங்களைப் புதைத்துவிடுங்கள், முளை கண்ணி வழியே வந்துவிடும்.

## முளை வந்த பிறகு

முளை ஒரு சாண் ஆனதும் நல்ல வெளிச்சத்துக்கு மாற்ற வேண்டும். ஏற்காட்டில் காலை வெயில் நேராகப் படலாம். சேலத்தில் 50 சதவீத நிழல் வலையின் கீழ் வையுங்கள். வெளிச்சம் குறைந்த வராந்தாவில் வைத்தால் தண்டு நீண்டு சாயும், மொட்டு விரியாமல் காயும்.

முதல் மூன்று வாரம் உரம் எதுவும் தேவையில்லை. அதன்பின் வாரம் ஒருமுறை லிட்டருக்கு 2 கிராம் கால்சியம் நைட்ரேட் ஊற்றினால் இலை நுனி கருகுவது பெருமளவு குறையும். மொட்டுகளில் அசுவினி வந்தால் வேப்பெண்ணெய்க் கரைசல் போதும். ஹிப்பியாஸ்ட்ரம், ஸ்பைடர் லில்லி வைத்திருப்பவர்கள் வேறொன்றைக் கவனிக்க வேண்டும். மழைக்காலத்தில் லில்லிப் புழுக்கள் கூட்டமாக வந்து, இலையைத் தின்று கழுத்து வழியே கிழங்கு வரை இறங்கிவிடும். கையால் பொறுக்கி எடுப்பதே உடனடி மருந்து.

## பூத்து முடிந்ததும்

பூவை வெட்டும்போது தண்டில் கீழ்ப் பாதி இலைகளை விட்டுவிட வேண்டும். அடுத்த ஆண்டுக்கான கிழங்கைக் கட்டுவது அந்த இலைகள்தான். அவை தானாக மஞ்சளாகும் வரை தண்ணீரை நிறுத்தக் கூடாது. மஞ்சளான பின் தண்ணீரைக் குறைத்து, கிழங்கைத் தோண்டி, நேராக ஈர நார்த் தூளுக்கும் ஃபிரிட்ஜுக்கும் கொண்டுபோக வேண்டும்.

சேலத்தில் இதைச் செய்தாலும் கிழங்கு ஒவ்வொரு ஆண்டும் சிறுத்துக்கொண்டே போகும். பிப்ரவரிக்குப் பிறகு வரும் வெயிலில் இலைகள் சீக்கிரம் காய்ந்துவிடுவதால் கிழங்கு பருக்க நேரமே கிடைப்பதில்லை. கிழங்கின் சுற்றளவைப் பொறுத்தே மொட்டின் எண்ணிக்கை அமையும். 16 செ.மீ. சுற்றளவுக் கிழங்கு பல மொட்டு தரும், 10க்குக் கீழே போனால் ஒன்றிரண்டு வந்தாலே பெரிது. அதனால் சமவெளியில் லிலியத்தை ஒரு பருவத்துப் பூவாக எண்ணி வாங்குவதே நியாயமான எதிர்பார்ப்பு என்பது என் கருத்து. வருடம் தவறாமல் தானாக வர வேண்டும் என்றால் அந்தப் பணத்துக்கு மழை லில்லியும் ஹிப்பியாஸ்ட்ரமும் வாங்குங்கள்.

ஏற்காட்டில் இருப்பவர்களுக்கு இன்னொரு வழி திறந்திருக்கிறது. நல்ல கிழங்கின் வெளிச் செதில்களில் நாலைந்தை அடித்தட்டோடு ஒட்டும் இடம் கிழியாமல் உரித்தெடுங்கள். மீதிக் கிழங்கை வழக்கம்போல நட்டுவிடலாம். உரித்த செதில்களை ஈர நார்த் தூளோடு உறையில் போட்டு, 20 முதல் 25 டிகிரி உள்ள இருட்டு அலமாரியில் வைத்தால், 6 முதல் 8 வாரத்தில் ஒவ்வொரு செதிலின் அடியிலும் பயறு அளவில் குட்டிக் கிழங்குகள் உருவாகும். அதன்பின் அவற்றுக்கும் ஃபிரிட்ஜில் குளிர் கொடுத்து, இலை மண்ணில் மேலாக நட வேண்டும். அவை பூக்கும் அளவுக்குப் பருக்க இரண்டு மூன்று ஆண்டு ஆகும், அதுவரை ஒவ்வொரு குளிர்காலத்திலும் அதே ஃபிரிட்ஜ் வேலையைத் தவறாமல் செய்ய வேண்டும்.